ஒற்றைத் தலைவலியும் நம் அன்றாட ஒழுங்கும்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில், தோட்டக் கிராணியும் சங்கத் தொண்டருமான ஒருவர் ஆற்றிய உரை)

 

சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் இவை பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று தலைவலியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியபோது சில தோழர்கள் சிரித்தார்கள். "கணக்கு எழுதி எழுதிக் கிராணியாருக்குத் தலைவலி வந்துவிட்டது போலும்" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லவே இங்கே நிற்கிறோம்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பது நம் பெரியோர் வாக்கு. அந்த வாக்கின் பொருளைக் கிராணிமாராகிய நாங்கள் மிகத் தாமதமாகவே கற்றுக்கொண்டோம். கற்ற விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் மரம் சீவும் ஓர் அம்மையார் மாதத்தில் இரண்டு நாள், சில மாதம் மூன்று நாள், பிரட்டுக்கு வரமாட்டார். கேட்டால், "ஒரு பக்கத் தலை பிளக்கிறது ஐயா, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, வயிற்றைப் புரட்டுகிறது" என்பார். மறுநாள் பார்த்தால் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு, வாளியும் கத்தியுமாகச் சுறுசுறுப்பாக நிற்பார். நேற்றுச் சாகக் கிடந்தவர் இன்று பூ வைத்துக்கொண்டு நிற்பதாவது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவரை நாங்கள் திட்டவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் பேனாவால் செய்தோம். செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று குறித்தோம். மாதக் கடைசியில் அந்தக் குறி அவர் சம்பளத்தில் தெரிந்தது.

பிறகு ஒரு சம்பளத்துக்கு முந்திய நாள். எங்கள் காரியாலயத்தில் இந்நோய் உடையவர் இருவர். இப்போது பேசுகிறவர் அவ்விருவரில் ஒருவர். காலையில் பசியாறவில்லை. கணக்கு முடியவில்லை என்று மதியச் சாப்பாட்டையும் தள்ளிப் போட்டோம். பிற்பகல் மூன்று மணிக்குக் கணக்குத் தாளின் எண்களுக்கு நடுவே ஒரு வெள்ளிக் கோடு மின்னியது. ரம்பப் பல்லைப் போல வளைந்து வளைந்து அது பெரிதாயிற்று. எண்களில் பாதி மறைந்தன. அரைமணி நேரத்தில் வெளிச்சம் போய், வலது பக்க மண்டையில் சம்மட்டி அடி தொடங்கிற்று. வாந்தி எடுத்தோம். பழைய கோப்புகள் அடுக்கிய இருட்டறையில், வெறும் சிமெண்டுத் தரையில், யாராவது நடந்தாலும் வலிக்கிறதே என்று விழுந்து கிடந்தோம்.

மறுநாள் கிளினிக்கில் எம்.சி. கிடைத்தது. மாதச் சம்பளக்காரர் என்பதால் ஒரு காசும் குறையவில்லை. அதற்கடுத்த நாள் குளித்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தோம். பார்த்தவர் எவரும் இவர் நோயாளி என்று சொல்லியிருக்க மாட்டார். அப்போதுதான் அந்த அம்மையாரின் பூ எங்கள் நினைவுக்கு வந்தது.

போய் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை ஐயா" என்றார். ஆனால் பழைய செக்ரோலைத் திருத்த முடியாது. இனி எழுதும் செக்ரோலையாவது திருத்தமாக எழுதலாம் என்பதற்காகவே இந்தப் பேச்சு.

இது என்ன நோய்?

ஒற்றைத் தலைவலி, மைக்ரேன் என்று டாக்டர்கள் அழைப்பது, சோம்பலும் அன்று, பாசாங்கும் அன்று, கண்ணேறும் அன்று. அது மூளையையும் நரம்புகளையும் சேர்ந்த நோய். உலகில் நூறு கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உண்டு. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பருவம் அடைந்த பின், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று பங்கு அதிகமாக வருகிறது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை "தலை வலிக்கிறது" என்று அழுதால், பாடம் படிக்கப் பயந்து சொல்கிறது என்று அடித்துவிடாதீர்கள்.

இதன் அடையாளங்கள் வருமாறு: பெரும்பாலும் ஒரு பக்கம் வலிக்கும், சிலருக்கு இரு பக்கமும் வலிக்கும். நாடி துடிப்பது போல் விண் விண் என்று தெறிக்கும். நடந்தாலும் குனிந்தாலும் கூடும். வெளிச்சமும் சத்தமும் நெடியும் பிடிக்காது. குமட்டல் உண்டு; சிலர் வாந்தி எடுப்பர். மருந்து இல்லாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். நாலில் ஒருவருக்கு, வலிக்கு முன் எங்களுக்கு வந்தது போலக் கண்ணில் மின்னல் கோடுகள் தோன்றும். வேறு பலருக்கு முதல் நாளே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல், இனிப்பின் மீது ஆசை ஆகியவை முன்தூதராக வரும். வலி ஓய்ந்த பின்னும் ஒரு நாள் உடம்பு அடித்துப் போட்டது போலிருக்கும்.

முற்காலத்தில் இரத்தக்குழாய் விரிவதுதான் இந்நோய்க்குக் காரணம் என்று எண்ணினார்கள். பிறகு, மூளையைச் சூழ்ந்த நரம்புகளிலிருந்து வெளிப்படும் ஒரு புரதத் துணுக்குக்கு இந்த வலியில் பெரும் பங்கு உண்டு என்று கண்டறிந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காக 2021-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் மூளைப் பரிசு லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், ஜெஸ் ஓலேசன் ஆகிய நால்வருக்கு வழங்கப்பட்டது. உலகத்து விஞ்ஞானிகள் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஒரு நோயை "சும்மா தலைவலிதானே" என்று நாம் தள்ளுவது நியாயமா, தோழர்களே?

மங்கு நிறைந்தால் வழியும்

இந்நோயை அடியோடு போக்கும் மருந்து இல்லை. ஆனால் வரும் தடவைகளைக் குறைக்கலாம். அதற்கு வழி நம் அன்றாட ஒழுங்கில் இருக்கிறது. ஏன் என்பதை, நம் கையில் தினமும் இருக்கும் பொருளைக் கொண்டே விளக்குகிறோம்.

மரத்தடியில் மங்கு வைக்கிறோம். பால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒரு சொட்டினால் மங்கு வழிவதில்லை. எல்லாச் சொட்டும் சேர்ந்துதான் வழிகிறது. தூக்கம் குறைந்தது ஒரு சொட்டு. பசியாறாமல் போனது ஒரு சொட்டு. தண்ணீர் குடிக்காதது, வெயில், அமோனியா நெடி, கடன்காரன் வந்தது, மாதவிலக்கு எல்லாம் ஒவ்வொரு சொட்டு. ஒற்றைத் தலைவலிக்காரர் பிறவியிலேயே சிறிய மங்கோடு பிறந்தவர். மற்றவர் தாங்குவதை அவர் தாங்கமாட்டார். வெயிலை நாம் நிறுத்த முடியாது. மாதவிலக்கையும் நிறுத்த முடியாது. ஆகையால், நிறுத்தக்கூடிய சொட்டுகளை நிறுத்த வேண்டும். இந்நோய் உள்ள மூளைக்கு மாற்றம் பிடிக்காது. நேரத்துக்கு உறக்கம், நேரத்துக்கு உணவு, நேரத்துக்கு ஓய்வு. இந்த மூன்றையும் அது கேட்கிறது.

முதலாவது: உறக்கம்

விடியற்காலையில் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதனால் நம் தொழிலில் நான்கு, நான்கரை மணிக்கு எழுந்தே தீரவேண்டும். நான்கரைக்கு எழுகிறவர் ஒன்பதரைக்குள் படுத்தால்தான் ஏழு மணி நேரம் கிடைக்கும். நாம் என்ன செய்கிறோம்? பதினொரு மணி வரை தொலைக்காட்சித் தொடர், அதன் பின் படுக்கையில் கைப்பேசி. ஆறு நாள் இப்படிக் கடன் வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூங்கிக் கடனை அடைக்கப் பார்க்கிறோம். இந்நோய்க்காரருக்கு அந்த அதிகத் தூக்கமும் ஆகாது. ஞாயிறு பிற்பகலில் தலைவலி வருகிறது என்று சொல்லும் தோழர்கள் நம்மில் பலர். காரணம் இதுவாக இருக்கலாம். ஓய்வு நாளிலும் வழக்கமான நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் படுத்திருக்க வேண்டாம். களைப்பாக இருந்தால் பகலில் அரைமணி நேரம் கண்ணயரலாம்.

மழை நாளும் இதே கதைதான். விடியலில் மழை, வெட்டு இல்லை என்று மறுபடி போர்த்திக்கொண்டு படுக்கிறோம். பசியாறுவது பத்து மணிக்குப் போகிறது. மழை விட்டதும் அவசர அவசரமாக நிரைக்கு ஓடுகிறோம். மழை பெய்தாலும் எழுகிற நேரத்துக்கு எழுந்து, கோப்பியைக் குடித்து, இரண்டு ரொட்டியாவது தின்றுவிடுங்கள்.

இரண்டாவது: உணவும் தண்ணீரும் கோப்பியும்

வயிறு காய்வது இந்நோய்க்குப் பெரிய அழைப்பு. அதிகாலையில் வெறும் வரக்கோப்பியோடு புறப்பட்டு, ஐந்நூறு மரத்துக்கு மேல் சீவி, பால் எடுத்து, நிறுவைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு முதல் கவளம் சோற்றைக் காண்பவர் நம்மில் எத்தனை பேர்? காரியாலயத்திலும் அப்படித்தான், கணக்கு முடியட்டும் என்று சாப்பாடு காத்திருக்கும்.

பெரிய செலவு வேண்டியதில்லை. புறப்படுமுன் நேற்றைய இட்லியோ, ரொட்டியோ, அவித்த மரவள்ளியோ, வாழைப்பழமோ ஏதாவது ஒன்று. மரம் சீவி முடிந்து பால் எடுக்கப் போகுமுன் உள்ள இடைவேளையில் கட்டிக்கொண்டு போன பசியாறல். பிற்பகல் ஒரு மணிக்குள் சோறு. ஓர் அவித்த முட்டை, பயறு, கடலை, நெத்திலி இவற்றில் ஒன்று சேர்ந்தால் பசி சீக்கிரம் திரும்பாது. விரதம் இருக்கும் வழக்கம் உள்ளவர்கள், இந்நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு இருக்கவும்.

தண்ணீர் இரண்டு போத்தல் நிரையில் உங்களோடு இருக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே குடிக்க வேண்டும். காட்டில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் சகோதரிகள் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குத் தீர்வு தண்ணீரைக் குறைப்பதன்று, கழிப்பிடம் கேட்பது. அதைச் சங்கம் கேட்கும்.

கோப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. கோப்பி சிலருக்கு வலியைத் தணிக்கும். அளவு மீறினால் அதுவே வலியைக் கொண்டுவரும். நாள்தோறும் நான்கு ஐந்து கோப்பை குடிப்பவர் ஒரு நாள் நிறுத்தினால், 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரக்கூடும். ஆகவே ஒன்று அல்லது இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் தினமும் ஒரே நேரத்தில் குடியுங்கள். குறைப்பதாயின் ஒரேயடியாக நிறுத்தாமல், வாரத்துக்கு ஒரு கோப்பையாகக் குறையுங்கள்.

மதுபானம் இந்நோயைத் தூண்டும், இதில் ஐயமில்லை. சம்பள நாள் இரவு சம்சு, மறுநாள் தலைவலி, அதற்கு அடுத்த நாள் சம்பளக் குறைவு என்ற மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. மற்றப்படி பெலாச்சான், அஜினோமோட்டோ, சாக்லேட் என்று ஒரு நீண்ட பட்டியலைப் பிறர் சொல்லக் கேட்டு எல்லாவற்றையும் விலக்க வேண்டாம். ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகும். சாக்லேட் தின்றதால் வலி வந்தது என்று எண்ணுகிறோம்; சில வேளை, வரப்போகும் வலிதான் இனிப்பைக் கேட்கச் செய்திருக்கும்.

மூன்றாவது: வெளிச்சம், வெயில், நெடி

நம் பாட்டன்மார் கார்பைட் விளக்கை நெற்றியில் கட்டி, அதன் புகையையும் நாற்றத்தையும் சுமந்து மரம் சீவினார்கள். இன்று மின்கல விளக்கு வந்துவிட்டது. ஆனால் வெளிச்சம் ஊசியாகக் குத்துகிறது. வாரை நெற்றியில் மிக இறுக்கிக் கட்டாதீர்கள். இறுக்கமே சிலருக்கு வலியைத் தரும். எதிரே வருகிறவர் கண்ணில் விளக்கை அடிக்காதீர்கள். சூரியன் ஏறிய பின் இலைகளுக்கு நடுவே வெயில் மின்னி மின்னி விழுவது சிலருக்கு ஆகாது. விளிம்புள்ள தொப்பி அதைப் பாதி தடுக்கும். கிராணிமார்கள் கணினித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, சன்னல் வெளிச்சம் திரையில் படாதவாறு நாற்காலியைத் திருப்பிப் போட்டால் செலவில்லாமல் பயன் கிடைக்கும்.

பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அமோனியாவும், உறைய வைக்கும் பார்மிக் அமிலமும், மங்கில் கட்டிய பாலின் வாடையும் நமக்குப் பழகிப்போனவை. பழகியதால் தீங்கில்லை என்று ஆகாது. கடுமையான நெடி இந்நோயைத் தூண்டும். பால் ஸ்டோரில் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். இந்நோய் உள்ளவரை அமோனியா ஊற்றும் வேலையிலிருந்து மாற்றி வேறு வேலை கொடுப்பதால் எந்தத் தோட்டமும் நட்டப்படாது.

நான்காவது: உடலசைவும் மன அமைதியும்

"நாள் முழுவதும் நடக்கிறோமே, இன்னும் என்ன பயிற்சி?" என்று மரம் சீவுவோர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்களுக்கு வேண்டுவது மாலையில் கழுத்தையும் தோளையும் தளர்த்துவது. பட்டையைப் பார்த்துக் குனிந்தும் நிமிர்ந்தும், வாளியை ஒரே தோளில் சுமந்தும் கழுத்து இறுகியிருக்கும். வாளியைத் தோள் மாற்றிச் சுமக்கவும். கிராணிமாராகிய எங்களுக்குத்தான் பயிற்சி வேண்டும். ஸ்வீடன் நாட்டில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் மூன்று முறை 40 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும், தினந்தோறும் தடுப்பு மருந்து உட்கொண்டவர்களுக்கும் தலைவலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. மாலையில் தோட்டப் பாதையில் வேகமாக நடப்பதற்குக் காசு கேட்பவர் இல்லை. வழக்கமில்லாதவர் பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டவும். வலி இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

மனக்கவலையும் ஒரு சொட்டு என்றோம். கவலை இல்லாமல் இருங்கள் என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்வது எளிது. பள்ளிக் கட்டணமும் மோட்டார் சைக்கிள் தவணையும் உபதேசத்தால் தீரா. ஆனால் இரவில் படுக்குமுன் பத்து நிமிடம், விளக்கை அணைத்து, மெல்ல மூச்சை இழுத்து, அதைவிட மெல்ல விடுவது எவருக்கும் முடியும். வேண்டுதல் செய்பவர் வேண்டுதல் செய்யலாம். இன்னொன்றும் அறியுங்கள்: கவலை இருக்கும்போது மட்டுமன்றி, கவலை தீர்ந்து உடம்பு தளரும்போதும் இந்நோய் வரும். சம்பளக் கணக்கு முடிந்த மறுநாள் எங்களுக்கு வருவது அப்படித்தான். அதனால் அந்த நாளில் உணவையும் உறக்கத்தையும் கூடுதலாகக் கவனிக்கிறோம்.

ஐந்தாவது: குறித்து வைத்தல்

இது கிராணி வேலை. ஆனால் எல்லாராலும் முடியும். வீட்டுச் சுவரில் தொங்கும் மாத நாள்காட்டியில், தலைவலி வந்த நாளில் ஒரு பெருக்கல் குறி இடுங்கள். மாத்திரை போட்ட நாளில் ஒரு வட்டம். மாதவிலக்கு நாளில் ஒரு கோடு. பசியாறாத நாள், தூக்கம் கெட்ட நாள் ஆகியவற்றுக்கு ஒரு புள்ளி. எழுதத் தெரியாத பெரியவர்களும் இந்தக் குறிகளை இடலாம். மூன்று மாதம் குறித்தால் உங்கள் மங்கை நிறைப்பது எந்தச் சொட்டு என்று உங்களுக்கே புலப்படும். கிளினிக்குக்குப் போகும்போது நாள்காட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் கேட்கும் முதற் கேள்விக்கு அதுவே விடை.

அந்த அம்மையார் இப்படிக் குறித்தார். மாதவிலக்கு வரும் இரண்டு நாளில்தான் தமக்கு வலி வருகிறது என்று கண்டார். அந்த நாட்களில் கண்டிப்பாகப் பசியாறிப் புறப்படுகிறார். டாக்டர் கொடுத்த மருந்தைத் தொடக்கத்திலேயே போட்டுக்கொள்கிறார். நோய் போய்விடவில்லை. ஆனால் மூன்று நாள் படுத்தவர், இப்போது பெரும்பாலும் அரை நாளில் எழுந்துவிடுகிறார்.

மாத்திரையைப் பற்றி எச்சரிக்கை

வலி தொடங்கியதும் மாத்திரை போட்டு, தண்ணீர் குடித்து, இருட்டான இடத்தில் படுத்தால் பயன் அதிகம். மண்டை பிளந்த பிறகு போட்டால் பயன் குறைவு. ஆனால், மளிகைக் கடையில் பெனடால் கிடைக்கிறது என்று நாள்தோறும் விழுங்குவது ஆபத்து. மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் சாதாரண வலி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். பல மருந்து கலந்த மாத்திரைகளுக்கும், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் மாத்திரைகளுக்கும் 10 நாளே எல்லை. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்படுகிறதா? அப்போது கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். வலி வராமல் தடுக்கத் தினமும் போடும் மருந்துகள் உண்டு. அவற்றில் பல பழைய, விலை குறைந்த மருந்துகளே. 2018-ஆம் ஆண்டு முதல் இந்நோய்க்கென்றே புதிய ஊசி மருந்துகளும் வந்துள்ளன. அவற்றின் விலை அதிகம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு டாக்டரைப் பார்க்க 1 ரிங்கிட்தான். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேளாமல் எந்த மாத்திரையும் போட வேண்டாம். கண்ணில் மின்னல் தோன்றும் வகை உள்ள பெண்கள், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்குமுன் அதை டாக்டரிடம் அவசியம் சொல்லவும். சில மாத்திரைகளால் பக்கவாத அபாயம் கூடும். புகைபிடித்தால் அபாயம் இன்னும் கூடும்.

பின்வருபவை ஒற்றைத் தலைவலி என்று படுத்துவிடக் கூடாதவை: இடி விழுந்தாற்போல் ஒரே கணத்தில் வரும் கொடிய வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கை கால் தளர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குளறுதல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி, 50 வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் புதிய தலைவலி, கர்ப்ப காலத்திலோ பிள்ளை பெற்ற பின்னோ வரும் கடும் வலி. இவற்றுக்குத் தைலம் தேய்த்துக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சங்கத்தின் கடமை

தோழர்களே! இவ்வளவும் நாம் செய்ய வேண்டியவை. ஆனால் ஒழுங்கு முழுவதும் தொழிலாளியின் கையில் மட்டும் இல்லை. பசியாற நேரம் கொடுக்காத இடத்தில், "நேரத்துக்குச் சாப்பிடு" என்பது வெறும் பேச்சு. தீபகற்ப மலேசியாவில் உள்ள 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் என்ன சொல்கிறது? தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதாயின், இடையில் 30 நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு தர வேண்டும். டாக்டர் சான்று உள்ள நோய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட சேவைக்கு 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனால் 22 நாள். விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தலைவலிக்கு இந்த உரிமை இல்லை என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.

ஆகவே, இக்கிளையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: தலைவலி என்று சொல்லி அனுப்பியவரை உடனே "வரவில்லை" என்று குறிக்காமல், அன்றே கிளினிக்குக்கு அனுப்பி, சான்று வந்தபின் "நோய்" என்று குறிக்க வேண்டும்; இதைக் கிராணிமாராகிய நாங்கள் இன்றே ஏற்கிறோம். இரண்டு: பசியாறும் அரைமணி நேரம் வெயிலிலும் மழையிலும் கெடாதிருக்க, நிறுவைக் கொட்டகையில் நிழலும் குடிதண்ணீரும் கழிப்பிடமும் வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். மூன்று: பால் ஸ்டோரில் நெடி தாங்காதவருக்கு மாற்று வேலை கேட்க வேண்டும். நான்கு: இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம்மோடு மரம் சீவும் தோழர்களுக்கும் இவற்றை அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். அவர்கள் மண்டையும் மண்டைதான்.

நம் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. எஞ்சிய ரப்பர்த் தோட்டங்களில் எஞ்சிய நாம் ஒருவரை ஒருவர் நம்பித்தான் வாழ வேண்டும். உடம்பில் தெரியும் காயத்தை எவரும் நம்புவர். கண்ணுக்குத் தெரியாத வலியையும் நம்புவதே தோழமை.

நாளைக் காலை பிரட்டுக்கு வருமுன் அனைவரும் பசியாறிவிட்டு வாருங்கள். இதுவே எங்கள் முதல் வேண்டுகோளும் முடிவான வேண்டுகோளும் ஆகும்.

 ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!